டிரங்குப் பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை

மடுல்சீமையில மழை பிடிச்சா லேசில விடாது. அப்படியொரு லீவு நாளில் நாங்கள் நாலு பேர் லயத்து முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் முதல் கணினிக்கு என்ன டிஸ்க் வாங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். காசு சேர்த்து, ஒவ்வொரு சாமானாக வாங்கி, நாங்களே பூட்டப்போகும் கணினி. கேம்பஸ் வேலைக்கு விண்டோஸ், கற்றுக்கொள்ள லினக்ஸ், இரண்டும் அதில் இருக்க வேண்டும். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போதும் என்று முடிவெடுத்தாயிற்று.

எங்களில் ஒருவரின் அப்பாயி கேட்டார்: "அதுல என்னத்த வைக்கப் போறீங்க?"

படம், பாட்டு, அசைன்மென்ட் என்றோம். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். "அப்ப இதையும் வைங்க."

உள்ளே தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய சம்பளச் சீட்டுகள், இந்தியாவுக்குப் போன தம்பியின் கடிதங்கள். சிலவற்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. எல்லாம் ஒரே ஒரு பிரதி.

இந்தத் தாள்களை அப்பாயி ஏன் இப்படிக் காத்தார் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' முறை வந்தது. தோட்டத்துக்கு வரும் தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கமும் அவருடைய இலக்கமும் பொறித்த தகரத்துண்டு கொடுத்தார்கள். தோட்டத்தில் செக்ரோல் புத்தகத்தில் பெயர் ஏறும். ஆக, நம்ம ஆட்களைப் பற்றிய பதிவுக்கு ஒருநாளும் குறைவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் இருந்தது தோட்டத்து ஆபீஸில். தொழிலாளியின் கையில் இல்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் அல்லது பாட்டன், பூட்டன் இங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து 10 வருடம், மணமானவர் என்றால் 7 வருடம், இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. விண்ணப்பிக்க இரண்டே வருடம். ஆதாரம் என்றால் தாள்தானே? அது இல்லாதவர் நாடற்றவர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974இல்தான் முடிவானது. 2003இல் வந்த சட்டமும் அதே 1964 அக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வசிப்பவரையும் அவர்கள் சந்ததியையும்தான் பிரஜைகள் என்றது. அப்பாயி பெட்டியைப் பூட்டி வைத்தது சும்மா இல்லை.

இனி டிஸ்க்கின் கதை. இங்கே தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் 'ரமாக்' கணினியோடு முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 50 தட்டுகள், கொள்ளளவு 5 மெகாபைட்டுக்குக் கிட்ட. இன்று போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அது சரி. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கணினியில் மினிக்ஸையும் தானே எழுதிய லினக்ஸையும் வைத்திருந்தார். ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்ப, மினிக்ஸ் இருந்த பகுதி அழிந்தது. லினக்ஸை உருவாக்கியவருக்கே அந்த நிலைமை என்றால் நாங்கள் எம்மாத்திரம்?

அதனால் திட்டத்தை மாற்றினோம். எஸ்.எஸ்.டி.யில் இயங்குதளங்கள் மட்டும்: விண்டோஸுக்கு 300 ஜி.பி., லினக்ஸுக்கு 100, மிச்சம் காலியாக. முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ். மாற்றிப் போட்டால் பூட் வரிசையில் விண்டோஸ் தன்னை முன்னால் வைத்துக்கொள்ளும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்திவிட வேண்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாது. அந்த நேரம் லினக்ஸிலிருந்து அதே இடத்தில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

ஆவணங்களுக்கு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் தனியாக. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்தை விண்டோஸ் தானாகத் திறக்காது. என்.டி.எஃப்.எஸ். என்றால் இரண்டுமே வாசிக்கும். எந்த இயங்குதளம் கெட்டாலும் அழித்துத் திரும்பப் போடலாம், பெட்டித் தாள்களில் கை படாது.

ஆனால் ஒரே கணினிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் இடி விழுந்தால் இரண்டும் போகும். ஆகவே வெளியே கழற்றி வைக்கும் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி. அது பதுளையில் பெரியம்மா வீட்டில் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் காக்கிறது. குடும்பத்துச் சான்றிதழ்களைப் பொதுவில் போட முடியாது. அதை அந்தந்த வீடுதான் செய்ய வேண்டும்.

செலவு கூடிவிட்டது. கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம். கேம் விளையாட்டு காத்திருக்கட்டும். கணினி வந்ததும் முதலில் ஸ்கேன் செய்யப்போவது தாத்தாவின் சான்றிதழ். டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். பூட்டின் சாவியை மட்டும் அப்பாயி தரமாட்டாராம்.