இரு விடியல்களுக்கு இடைப்பட்ட தொலைவு

ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், பெரும்பாலும் நாம் மைல் கணக்கில் விடை சொல்வதில்லை. இத்தனை மணி நேரம் என்றே சொல்கிறோம். அந்த மணிக்கணக்கு தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளது. அது குறையக் குறைய, அன்று பயணம் செய்தவர்கள் செலுத்திய விலையும் நம் நினைவிலிருந்து நழுவி விடுகிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அத்துடன் அறுந்தது. அதை மீண்டும் இணைக்க ஒரு வழியே எஞ்சியிருந்தது: மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து இலங்கையை அடைவது. 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் 'கட்டலினா' என்னும் கடல்விமானங்களைக் கொண்டு இம்முயற்சியில் இறங்கியது. பெர்த்தின் சுவான் ஆற்றுக்கும் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே 5,600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு. பயண நேரம் 27 முதல் 33 மணி. பயணிகள் ஒரே பயணத்தில் இரு முறை கதிரவன் உதிக்கக் கண்டதால் இச்சேவை 'இரட்டை விடியல்' எனப் பெயர் பெற்றது.

விமானத்தின் சுமையில் பெரும்பங்கு எரிபொருளே. ஆகவே மூன்று பயணிகளுக்கும் ஏறத்தாழ 69 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. அந்த அஞ்சலில் அரசுக் கடிதங்களும் போர்வீரர் கடிதங்களும் இருந்தன. எதிரியின் கண்ணில் படாதிருக்க அபாயப் பகுதியை இருளில் கடந்தார்கள். விமானத்தில் ஆயுதம் இல்லை. இருப்பிடம் வெளிப்படாதிருக்க வானொலியிலும் மௌனம் காத்தார்கள். வழிகாட்டியவை விண்மீன்களே. அல்டேர், வேகா, ரிகெல், அன்டாரஸ், ஸ்பைக்கா என்று ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தது எத்துணைப் பொருத்தம்! 1945 ஜூலை வரை 271 முறை கடல் கடந்தும், ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை.

1944இல் 'லிபரேட்டர்' என்னும் தரைவிமானங்கள் வந்தபின், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வர ஏறத்தாழ 17 மணி நேரமே ஆயிற்று. 2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநிறுத்தமில்லா விமானச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், நேரம் அதே ஏறத்தாழ 17 மணி! பெர்த்துக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடலையோ இன்றைய ஜெட் விமானம் ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் கடந்துவிடும்.

கடல் சுருங்கவில்லை, கரைகள் நெருங்கவும் இல்லை. போர் முடிந்தபின், இரவல் ஒப்பந்தத்தின்படி அந்தக் கட்டலினாக்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவை சுமந்த கடிதங்களில் சில, இன்றும் ஏதேனும் ஒரு வீட்டுப் பெட்டியில் மஞ்சளேறிக் கிடக்கக்கூடும். ஒரு கடிதம் வந்து சேர, முகமறியா மனிதர் சிலர் ஓரிரவும் ஒரு பகலும் இருக்கையில் விழித்திருந்தார்கள். விமானத்தில் உண்டு உறங்கி எழுவதற்குள் கண்டம் தாண்டிவிடும் நாம், தொலைவு என்பது அன்று மனிதர் ஒருவருக்கொருவர் செய்த ஊழியத்தின் அளவாகவும் இருந்தது என்பதை நன்றியுடன் நினைவில் கொள்வோம்.