தராசு ஜெயித்த வருசம்

ஒரு காலத்தில் புத்தளத்துக்கு முஸ்லிம் எம்.பி. கிடைப்பது பெரிய விசயமே இல்லை. எச்.எஸ். இஸ்மாயில் 1956இல் சபாநாயகரானார். நைனா மரிக்கார் நிதியமைச்சர் வரை போனார். 1989இல் விகிதாசார முறையில் தேர்தல் வந்ததும் கதை மாறிப்போச்சு. சிலாபம், வென்னப்புவ, நாத்தாண்டிய, ஆனமடுவ எல்லாம் சேர்ந்து ஒரே மாவட்டம். சனத்தொகையில் நாங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனா வாக்கு பல கட்சிப் பட்டியல்களில் சிதறும், விருப்பு வாக்கில் எங்கட ஆள் பின்னுக்குப் போய்விடுவார். மூன்று தசாப்தம் இப்படித்தான்.

2020 ஆகஸ்டில் முஸ்லிம் காங்கிரசும் மக்கள் காங்கிரசும் பகையை ஓரமா வச்சிட்டு ஒரே தராசுச் சின்னத்தில் இறங்கின. அலி சப்ரி ரஹீம் வென்றார். ஊரே கொண்டாடிச்சு.

ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு அவர் ஆதரவாகக் கை தூக்கினார். கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.