டாங்கனீக்கா ஏரியின் மீன்வளமும் வெப்பமாதலும்

டாங்கனீக்கா ஏரி, கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில், தான்சானியா, கொங்கோ மக்களாட்சிக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகளைத் தொட்டவாறு ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் நன்னீர் ஏரியாகும். சுமார் 1,470 மீட்டர் ஆழமுடைய இது, பைக்கால் ஏரிக்கு அடுத்தபடியாக உலகிலேயே ஆழமானது. வெப்பமாதல் ஏரிமீன்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் நீர்நிலைகளுள் ஒன்றான இதில், சூடு மீன்களை நேரே கொல்வதில்லை. அவற்றின் இரையைக் குறைக்கிறது.

ஏரியின் மேல்நீர் ஏறத்தாழ 25 முதல் 27 பாகை செல்சியசு வரையிலும், அடிநீர் அதைவிடச் சில பாகைகள் மட்டுமே குறைந்தும் இருக்கும். வேறுபாடு சிறிதே எனினும், நீர் சூடாக இருக்கும்போது ஒரு பாகை உயர்வுக்கு அதன் அடர்த்தி, குளிர்நீரில் குறைவதைவிடப் பல மடங்கு குறைவதால், வெப்பமான இலேசான நீர் மேலும், அடர்ந்த நீர் கீழுமாக நிலைத்துவிடுகின்றன. இதுவே அடுக்கமைவு எனப்படும். வடக்கில் ஏறத்தாழ 100 மீட்டருக்கும் தெற்கில் 200 மீட்டருக்கும் கீழே ஆக்சிசன் இல்லை. ஆயினும், மேலிருந்து மூழ்கி மட்கிய உயிர்ப்பொருள்களின் ஊட்டச்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் தேங்கியிருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரை வடக்கே தள்ளும்போது, தென்முனையில் கீழ்நீர் மேலெழுந்து அந்த ஊட்டச்சத்தைக் கொண்டுவர, அதை உண்டு நுண்பாசிகளும், அவற்றை உண்டு மிதவை விலங்குகளும், அவற்றை உண்டு சிறுமீன்களும் பெருகுகின்றன. மேல்நீர் மேலும் சூடேறினால் அதே காற்றுக்கு இக்கலக்கலைச் செய்யும் வலு போதாது.

இந்த உணவுச் சங்கிலியின் நடுவில் நிற்பவை மத்தி எனப்படும் சாளையின் நன்னீர் உறவினங்களான இரு சிறு மீன்கள். தான்சானியாவில் டகா என்றும் சாம்பியாவில் கப்பெண்டா என்றும் வழங்கும் இவற்றை, நிலவற்ற இரவுகளில் விளக்கொளி காட்டித் திரட்டி, கட்டைகளால் பிணைத்த இரட்டைப் படகுகளிலிருந்து வலையை இறக்கித் தூக்கிப் பிடிப்பர். கரை மணலில் பரப்பி உலர்த்திய இக்கருவாடே உள்நாட்டுச் சந்தைகளுக்குச் செல்கிறது. சுற்றுப்புற மக்களின் விலங்குப் புரதத்தில் 25 முதல் 40 விழுக்காடு ஏரிமீன்களிலிருந்து கிடைப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆய்வாளர் காத்தரின் ஓரிலி தலைமையிலான குழு, ஏரியடி வண்டலின் கரிம ஐசோடோப்புகளை அளந்து, நுண்பாசிகளின் உற்பத்தி ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருக்கலாம் என்றும், அது மீன் விளைவில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் குறைவுக்கு ஒப்பாகும் என்றும் 2003-இல் வெளியிட்டது. பிடிப்புக் குறைவுக்குச் சூட்டைவிட வலைகளே காரணம் என மீன்வள ஆய்வாளர் சிலர் மறுத்தனர். படகுகள் பெருகியது உண்மையாதலால் அம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஆனால் ஆண்ட்ரூ கோஹனும் உடன் ஆய்வாளர்களும் வண்டலில் புதைந்த மீன் எலும்பு, பல், செதில் ஆகியவற்றை எண்ணி 2016-இல் வெளியிட்ட முடிவு, வணிக மீன்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே மீன்கள் குறையத் தொடங்கியதைக் காட்டியது. வணிக மீன்பிடிப்பே இல்லாத காலத்துக் குறைவுக்கு அதைக் குற்றம் சொல்வது அரிது.

அடித்தரையில் வாழும் உயிர்களுக்குச் சேதம் வேறு வகையானது. ஜிலேபிக் கெண்டை சேர்ந்துள்ள சிக்ளிட் குடும்பத்தின் ஏறத்தாழ 250 இனங்கள் இங்கு உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. கலப்புக் குறையக் குறைய ஆக்சிசன் எல்லை மேலேறி, பாறைகளும் நத்தை ஓடுகளும் சார்ந்த இவற்றின் வாழிடத்தைச் சுருக்குகிறது. 1946-க்குப் பின், ஆய்வு செய்த பகுதிகளில் ஆக்சிசன் உள்ள அடித்தரைப் பரப்பு 38 விழுக்காடு குறைந்ததாகக் கோஹன் குழுவின் ஆய்வு கணக்கிட்டது.

காற்றையும் வெப்பத்தையும் எந்த அரசும் கட்டுப்படுத்த முடியாத நிலையில், கரைநாடுகளின் கைக்கு எட்டுவது வலை ஒன்றே. 2024-இல் தான்சானியா தன் பகுதியில் மீன்பிடிப்பை மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை, அதாவது தென்கிழக்குக் காற்று வீசும் பருவத்தில், நிறுத்தி வைத்தது.