அடைபட்ட நாள்களின் எழுத்து: வண்டூரும் அந்தமானும்

தென் அந்தமானில், இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ள வண்டூர், 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் படகுத்துறையாகவே பலருக்கும் தெரிந்த ஊர். அதன் பெயரோ கடல் கடந்து வந்தது. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டு இங்கு நாடு கடத்தப்பட்ட மாப்பிளமார், அதாவது மலபார் முஸ்லிம்கள், தாங்கள் குடியேறிய இடங்களுக்கு மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று, அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த தம் பகுதியின் ஊர்ப்பெயர்களையே இட்டு வழங்கினர். ஊர் திரும்ப வழியற்றவர்கள் இம்மண்ணில் பதித்த எழுத்தாகவே அப்பெயர்களைக் கொள்ள வேண்டும்.

அடைபட்ட காலத்தில் வாசிப்பும் எழுத்தும் மனிதருக்கு எவ்வளவு தேவை என்பதை இத்தீவுகள் அறிந்த அளவுக்கு வேறு இடங்கள் அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி தனித்தனி அறைகளாக எழுப்பப்பட்டது. ஒவ்வோர் அறையும் 13.5 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டது. கைக்கு எட்டாத உயரத்தில் ஒரே ஒரு காற்றுத்துளை இருந்தது. பகலெல்லாம் செக்கிழுத்து, நாளொன்றுக்கு 30 பவுண்டு எண்ணெய் எடுத்துத் தர வேண்டும் என்ற கட்டாயத்தில் இருந்த கைதிக்குத் தாளும் பேனாவும் மறுக்கப்பட்டன. 1911 முதல் 1921 வரை இங்கே அடைபட்டிருந்த வி. தா. சாவர்க்கர், முள்ளாலும் ஆணியாலும் சுவரில் கவிதை வரிகளைக் கீறி, சுவருக்கு வெள்ளையடிக்கப்படுவதற்கு முன் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டதைத் தம் மராத்தி நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். அவருடைய அரசியல் பற்றி எக்கருத்து உடையவரும், எழுத்தை நினைவில் சுமந்து காத்த அந்த உழைப்பை மறுக்க இயலாது.

நல்ல உணவு, அறைக்கு விளக்கு, படிக்க நூல்களும் செய்தித்தாள்களும் வேண்டும் என்று அரசியல் கைதிகள் 1933 மே 12இல் உண்ணாநோன்பு தொடங்கினர். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் அம்மாதத்திலேயே உயிர்நீத்தனர். அதன் பின்னரே சிறைக்குள் விளக்கும் நூலும் வந்தன; கைதிகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லும் வகுப்புகள் வளர்ந்தன. தமிழிலும் இதற்கு இணையான மரபு உண்டு: கோவை, கண்ணூர்ச் சிறைகளில் இருந்த வ. உ. சிதம்பரனார் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்ததும், 'மெய்யறம்' இயற்றியதும் அச்சிறைவாசத்தில்தான்.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து வண்டூரின் சுற்றுலாப் படகுகள் நின்றபோது, சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்கு இடப்பட்ட இழைவடம் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. அது திறக்கப்பட்டது ஆகஸ்ட் 10இல்தான். அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி மெல்ல நகர்ந்ததால், அச்சிட்ட நூலின் மதிப்பு இங்கே கூடுதலாக இருந்தது. அதே மார்ச்சில் எழுத்தாளர் ஜெயமோகன் 'புனைவுக் களியாட்டு' என்ற வரிசையில் நாளுக்கொன்றாகச் சிறுகதைகள் எழுதத் தொடங்கி நூறைக் கடந்தார். விருப்பத்துக்காக எழுதுபவர்க்கும் ஒரே அமர்வில் எழுதவும் வாசிக்கவும் கூடிய சிறுகதையே அந்நாள்களுக்கு ஏற்ற வடிவம். தமிழ்ச் சிறுகதையின் பெரும்பகுதி, வானொலியில் பணிபுரிந்த தி. ஜானகிராமன், பொறியாளரான சுஜாதா போன்று வேறு வேலையில் இருந்தபடி எழுதியவர்களின் கொடை என்பதால், விருப்பத்துக்காக எழுதுவதைப் பொழுதுபோக்கு என்று தாழ்த்துவது முறையன்று.

ஊரடங்கைச் சிறையோடு ஒப்பிடுவது உண்ணாநோன்பில் உயிர்நீத்த மூவரின் சாவைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளில் மூன்றே எஞ்சியுள்ளன, சுவரில் கீறிய வரிகளும் சுண்ணாம்பின் கீழ் மறைந்துவிட்டன. ஆகவே 2020இல் கதைகள் எழுதிய குறிப்பேடுகளை வைத்திருக்கும் தீவுத் தமிழர்கள், அவற்றில் நாளும் ஊரும் குறித்து, அருகிலுள்ள நூலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ ஒரு படியை ஒப்படைக்க வேண்டும்.