1-22 வண்டியும் வாடகை மோட்டாரும்

பிரான்ஸுக்குப் போகவிருக்கும் நண்பர் ஒருவர், நாட்டுப்புறத்தைப் பார்க்க ரயில் நல்லதா, வாடகைக் கார் நல்லதா என்று கேட்டார். நான் டிராவல் ஏஜெண்ட் அல்ல. ஆனால் இந்தக் கேள்வி பிரெஞ்சு இலக்கியத்துக்குள் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்து வருகிறது. வாரப் பத்திரிகைகளின் பயணக் கட்டுரைக்காரர்கள் இதைக் கட்டணம், சௌகரியம் என்ற அளவில் முடித்துவிடுவார்கள். எதில் போகிறோம் என்பதே எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுவதில்லை.

1907 கோடையில் மார்ஸெல் ப்ரூஸ்ட் நார்மண்டிக் கடற்கரையில் கபூர் என்ற ஊரில் தங்கியிருந்தார். ஆஸ்துமாக்காரர், அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அந்தக் கோடையில் மட்டும் நாட்டுப்புறமெங்கும் சுற்றினார், வாடகை மோட்டாரில். அவருடைய பள்ளித் தோழரும் இசையமைப்பாளர் பிஸேயின் மகனுமான ழாக் பிஸேயின் நிர்வாகத்தில் இருந்த கம்பெனியின் வண்டி அது. ஓட்டியவர் அல்ஃப்ரெட் அகொஸ்தினெல்லி என்ற பதினெட்டு வயது இளைஞர். கான் நகரை நெருங்கும்போது சாலை திரும்பத் திரும்ப மாதாகோயில் கோபுரங்கள் இடம் மாறின. சேர்ந்தன, விலகின, ஒன்று மற்றொன்றை மறைத்தது. இரவில் லிஸியூ வந்து சேர்ந்தபோது தேவாலயத்தின் முகப்புச் சிற்பங்கள் இருட்டில் தெரியவில்லை. அகொஸ்தினெல்லி மோட்டாரின் விளக்குகளை அதன்மேல் திருப்பிக் காட்டினார். இவற்றையெல்லாம் ப்ரூஸ்ட் அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி 'ஃபிகரோ' பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார்.

1913இல் நாவலின் முதல் பாகம் வந்தது. அதில் சிறுவன் ஒருவன் மார்த்தன்வீல் என்ற ஊரின் இரட்டைக் கோபுரங்களைப் பார்க்கிறான். மூன்றாவதாக இன்னொரு கோபுரம் வந்து சேர்ந்துகொள்கிறது. அவன் பென்சில் வாங்கி ஒரு பத்தி எழுதுகிறான். அவன் எழுத்தாளனாகும் முதல் கணம் அது. அந்தப் பத்தி 'ஃபிகரோ' கட்டுரையின் மறுவார்ப்பு. ஆனால் மோட்டார் இல்லை. சிறுவன் உட்கார்ந்திருப்பது டாக்டர் பெர்ஸ்ப்பியேயின் குதிரை வண்டியில். பெட்ரோலைத் துடைத்துவிட்டுக் குதிரையைப் பூட்டியிருக்கிறார் ப்ரூஸ்ட். கதை நடக்கும் காலத்தில் மோட்டார் கிடையாது என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. இழந்த காலம் என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டவருக்கு, நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கிவிடக்கூடிய வாகனம் ஒத்துவராது.

இதைப் புரிந்துகொள்ள பிரெஞ்சு ரயிலின் சரித்திரம் கொஞ்சம் வேண்டும். 1842ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஸை நடுவில் வைத்து நட்சத்திரக் கதிர்களாகப் பாதைகளை விரித்தது. நாட்டுப்புறம் அந்தக் கதிர்களுக்கு இடையில் கிடந்தது. 1879இல் பொதுப்பணி மந்திரி ஃப்ரெய்ஸினேயின் திட்டம் சட்டமாகி, 181 புதிய பாதைகளை வரிசைப்படுத்தியது. ஏறக்குறைய 8,800 கிலோமீட்டர். சிறிய நிர்வாகத் தலைநகர் ஒவ்வொன்றுக்கும் ரயில் போகவேண்டும் என்பது நோக்கம். லாபம் வராது என்பது அப்போதே தெரியும். மூன்றாவது குடியரசு தன் கிராமத்து வாக்காளனைத் தேடிப் போனது ரயிலிலும் இலவசப் பள்ளியிலும்தான். பள்ளிச் சட்டம் வந்தது 1881இல்.

ரயில் நேரத்தையும் மாற்றியது. ஒவ்வொரு ஊரும் தன் சூரியனை வைத்து நேரம் சொல்லிக்கொண்டிருந்த நாட்டுக்கு 1891இல்தான் பாரிஸ் நேரம் சட்டமாயிற்று. அப்போதும் ஸ்டேஷனுக்கு உள்ளே இருந்த கடிகாரம் வெளியே இருந்ததைவிட ஐந்து நிமிஷம் பின்தங்கி ஓடியது. தாமதமாக வருகிறவனுக்கு ரயில் காட்டிய கருணை அது. 1911வரை அந்த ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு தேசம் முழுவதும் வாசற்படியைத் தாண்டினால் ஐந்து நிமிஷம் இளமையாகிக்கொண்டிருந்தது! ப்ரூஸ்டின் வாசகனுக்கு இது வெறும் தகவலாகப் படாது.

ப்ரூஸ்டின் கதைசொல்லி 1-22க்குப் புறப்படும் ரயிலை எண்ணி எண்ணிக் கிறங்குகிறான். கால அட்டவணைதான் அவனுடைய கவிதைப் புத்தகம். பாயோ, விட்ரே, லம்பால், போன்தாவென் என்று அவன் அடுக்கும் ஊர்களை ஒரே பாதையில் தொட்ட நிஜ வண்டி எதுவும் கிடையாது. நார்மண்டியும் பிரிட்டனியும் கலந்து கிடக்கின்றன. பெயர்களுக்கு இடையில்தான் அந்த வண்டி ஓடுகிறது. பிறகு நிஜமாகவே பயணம் போகும்போது, விடியற்காலையில் பாதை வளைய வளைய, செவ்வானம் ஒரு ஜன்னலிலிருந்து மற்ற ஜன்னலுக்குத் தாவுகிறது. அவன் பெட்டிக்குள் இப்படியும் அப்படியும் ஓடி அதன் துண்டுகளைச் சேர்க்கப் பார்க்கிறான். இதுவும் கோபுரங்களின் அனுபவமேதான். ஆக, நகரும் பார்வை மோட்டாருக்கு மட்டும் சொந்தமில்லை. வித்தியாசம் அடுத்த காட்சியில் வருகிறது. மலைநடுவே ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு பெண் காப்பியும் பாலும் கொண்டுவருகிறாள், வண்டி புறப்பட்டுவிடுகிறது. அவள் அங்கேயே நின்றுவிடுகிறாள், அவனுக்குள்ளும். காரில் வந்தவன் பிரேக்கைப் போட்டிருப்பான்.

ஆனால் ப்ரூஸ்டை ரயிலின் பக்தராக்கிவிடுவது சோம்பேறித்தனமான வாசிப்பு. பின்வந்த பாகமான 'ஸொதோமும் கொமோராவும்' நூலில் கதைசொல்லி அல்பெர்த்தினோடு மோட்டாரில் போகிறான். ஒரே நாளில் பார்க்க முடியாதவை என்று நம்பியிருந்த இரண்டு இடங்கள் ஒரே மத்தியானத்தில் அடங்கிவிடுகின்றன. தூரம் என்பது நிலத்தில் இல்லை, வாகனத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. இது நஷ்டமா லாபமா? இரண்டும் என்றுதான் அவர் எழுதிச் செல்கிறார். அதே 1907இல் ஒக்தாவ் மிர்போ தன் மோட்டாரின் பதிவு எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பயண நூல் எழுதினார். வேகத்தின் போதை அதில் நிறைய உண்டு, நிதானம் குறைவு.

கார்க்காரனின் புத்தகம் 1900இல் வந்தது. டயர் கம்பெனியான மிஷ்லன் 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. பிரான்ஸில் அப்போது இருந்த கார்கள் சில ஆயிரம்தான். கார்கள் அலைந்தால் டயர் தேயும், கணக்கு சரி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரயில் அட்டவணையில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையின் வரிசையில் வருகின்றன. மிஷ்லன் கையேட்டில் அகர வரிசையில் வருகின்றன. எந்த ஊருக்கும் முன் ஊர், பின் ஊர் கிடையாது. நாட்டுப்புறம் வாக்கியமாக இருந்தது அகராதியாகிவிட்டது.

1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு ஊதியத்தோடு இரண்டு வார விடுமுறை தந்தது. லெயோ லக்ராஞ்ஜ் முயற்சியில் 40 சதவீதச் சலுகையோடு ரயில் டிக்கெட் வந்தது. ஜன்மத்தில் கடலைக் கண்டிராதவர்கள் கடலைப் பார்த்தார்கள். விசித்திரம் என்னவென்றால், 1938 ஜனவரியில் கம்பெனிகளையெல்லாம் இணைத்து தேசிய ரயில்வே பிறந்த கையோடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப் பாதைகளில் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டன, பஸ் வந்தது. அதற்குச் சற்று முன்னாலேயே ஸித்ரோயன் கம்பெனி இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் சுமக்கும் மலிவுக் கார் ஒன்றைத் திட்டமிடத் தொடங்கியிருந்தது. யுத்தம் குறுக்கிட்டு, 1948இல் அது வெளிவந்தது. நாட்டுப்புறத்தைப் பார்க்க வருகிறவனுடைய கார் அல்ல அது, நாட்டுப்புறத்தானுடைய கார். இந்த வேறுபாட்டைச் சுற்றுலாப் பயணிகள் மறந்துவிடுகிறார்கள்.

'அந்நியன்' 1980இல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தபோது நம்மில் பலர் காம்யுவை அவருடைய சாவோடு சேர்த்தே அறிந்தோம். 1960 ஜனவரி. நோபல் பணத்தில் தெற்கே லூர்மரன் கிராமத்தில் வாங்கிய வீட்டில் விடுமுறை. மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் ரயிலில் பாரிஸ் திரும்பினார்கள். காம்யுவும் ரயிலுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார். மிஷெல் கலிமார் தன் ஃபாஸெல் வேகா காரில் அழைத்தார். வழியில் ஓர் இரவு தங்கினார்கள். 4ஆம் தேதி ஸான்ஸ் நகரில் மதிய உணவு. வில்ப்ளவன் அருகே நேரான சாலையில் கார் ஒரு மரத்தில் மோதியது. காம்யு அங்கேயே இறந்தார். கலிமார் சில நாட்கள் கழித்து. அவருடைய மனைவியும் மகளும் பிழைத்தார்கள். பயன்படுத்தாத டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. முடிவுறாத நாவலின் கைப்பிரதி பையோடு கிடந்தது. 'முதல் மனிதன்' என்று 1994இல் அச்சாயிற்று. இந்த டிக்கெட்டை அபத்தத்தின் சின்னமாக்கி எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் அபத்தம் தெரியவில்லை. நண்பன் கூப்பிட்டான், பேசிக்கொண்டே போகலாம் என்று ஏறினார். யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ரயில் மட்டும் சாதுவா என்ன? பெல்ஜியக் கவி வெர்ஹேரன் 1916இல் ரூவான் ஸ்டேஷனில் ரயிலடியில் சிக்கித்தான் செத்தார்.

சாலையோர மரங்கள்மேல் பழி விழுந்தது, வெட்டவேண்டும் என்றார்கள். 1970 ஜூலையில் ஜனாதிபதி பொம்பிடு, மரங்களைக் காக்கச் சொல்லித் தன் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக் கவிதைத் தொகுப்பு ஒன்றை 1961இல் பதிப்பித்தவர் அவர். அவருடைய ஆட்சியில்தான் நெடுஞ்சாலைகளும் பெருகின. 1972இல் சாலைகளில் 16,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கவிதை படிக்கிற ஆட்சியாளர் கையில் மரங்கள் கொஞ்சம் தப்பும், அவ்வளவுதான்.

1981இல் பாரிஸ்-லியோன் அதிவேக ரயில் வந்தது. 1994இல் பிக்கார்டியில் ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள். பக்கத்தில் ஊர் இல்லை, வயல்தான். பீட்ரூட் ஸ்டேஷன் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ஸ்டேஷன் பலகையில் ஊரின் ஆத்மா எழுதியிருப்பதாக நம்பினானே ப்ரூஸ்டின் சிறுவன், அவன் இங்கே எதைப் படிப்பான்? இப்படிப்பட்ட இடத்தில் ரயிலா காரா என்ற கேள்வி தானாகவே அழிந்துவிடுகிறது. ரயிலில் வந்து இறங்குகிறவன் வாடகைக் காரைத்தான் தேட வேண்டும். 2018 பிப்ரவரியில் அரசுக்குத் தரப்பட்ட ஸ்பினெட்டா அறிக்கை, சிறிய பாதைகளில் போகிறவர்கள் மொத்தப் பயணிகளில் 2 சதவீதம்தான் என்று கணக்குக் காட்டியது. அந்த நவம்பரில் டீசல் வரியை எதிர்த்து மஞ்சள் உடுப்புக்காரர்கள் சாலைச் சந்திப்புகளில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருக்குக் கார் தேர்வே அல்ல. ஃப்ரெய்ஸினே போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தபின் மிஞ்சிய கட்டாயம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். ஷார்த்ரிலிருந்து சின்ன ரயிலில் இல்லியே போங்கள். ப்ரூஸ்டின் நூற்றாண்டான 1971இல் அந்த ஊர் நாவலின் பெயரையும் சேர்த்துக்கொண்டு இல்லியே-கோம்ப்ரே ஆகிவிட்டது. ஸ்டேஷன் பெயரும் அப்படியே. கற்பனை ஊரின் பெயரைத் தாங்கிய பலகையின் கீழே நிஜமான கால் வைத்து இறங்கலாம். ஆனால் மார்த்தன்வீலின் இரட்டைக் கோபுரங்களைத் தேடி அங்கே அலைய வேண்டாம். அதற்குக் கான் போகவேண்டும். சாலை வழியாக, வாடகைக் காரில்.