வடபுலக் காளானும் சோமமும்: ஒரு சொல்லின் சாட்சியம்

1709இல் பொல்தாவாப் போரில் ரஷ்யரிடம் சிறைப்பட்ட சுவீடன் படை அதிகாரி ஸ்ட்ராலென்பெர்க், சைபீரியாவில் பல ஆண்டுகள் கழித்தார். 1730இல் வெளிவந்த அவரது நூலில் கம்சாத்கா பகுதியின் கோர்யாக் மக்களைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. செல்வர் மயக்கந்தரும் காளானைச் சேமித்து விருந்தில் அருந்துவர். அதை வாங்க இயலாத ஏழையர் குடிலுக்கு வெளியே மரக்கிண்ணத்துடன் காத்திருந்து அவர்தம் சிறுநீரைக் குடித்து மயங்குவர். கட்டுக்கதை போன்ற இச்செய்திக்கு வேதியியல் இடமளிக்கிறது. அமனிட்டா மஸ்காரியா என்னும் அந்தச் செந்தொப்பிக் காளானின் மஸ்சிமால், ஓரளவு மாறாமலேயே சிறுநீரில் வெளியேறும்.

1968இல் ஆர். கார்டன் வாசன், ரிக்வேதத்தின் சோமம் இக்காளானே என்றார். ஒன்பதாம் மண்டலச் செய்யுளொன்றில் சிறுநீர்க் குறிப்பைக் கண்டது அவரது வாதத்தின் ஒரு கால். சைபீரியச் சொற்கள் மற்றொரு கால். மேற்குச் சைபீரியாவின் மான்சி மொழியில் இக்காளான் 'பாங்ஹ்'. அதைச் சமஸ்கிருத 'பங்கா'வோடு இணைத்துப் பார்ப்பது வாசனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இன்று ஹோலியில் பருகும் 'பாங்' இச்சொல்லின் வழிவந்ததே.

இந்தச் சொற்கால் உறுதியற்றது. மான்சியின் உறவுமொழியான மொர்த்வினில் 'பாங்கோ' எந்தக் காளானையும் குறிக்கும். மயக்கம் அதன் பொருளில் இல்லை. கோர்யாக் வேறு மொழிக்குடும்பம். அங்குக் காளானின் பெயர் 'வாபாக்'. ஈரானிய மொழியிலிருந்து சொல் வடக்கே சென்றது என்றே கொண்டாலும், தெற்கத்தியரின் மயக்கப்பொருட் பெயரை வடவர் தம் காளானுக்கு இட்டனர் என்றுதான் ஆகும். தெற்கத்தியரின் பொருளே காளான் என்றாகாது. அதர்வவேதமோ செடிகளுக்குத் தலைமையான சோமத்தையும் பங்கத்தையும் ஒரே செய்யுளில் தனித்தனியே சுட்டுகிறது. (தமிழ் எழுத்தில் ப, ப்ஹ, ப வேறுபாடு மறைவதால் இவ்வொற்றுமை நமக்கு இன்னும் மிகையாகத் தெரியும்.)

1971இல் ஜான் பிரஃப் வேறொரு தடையை எழுப்பினார்: வேதச் சோமம் போருக்கு ஊக்கமூட்டுவது, இக்காளான் உண்டவரோ பெரும்பாலும் துயிலில் ஆழ்வர்.

இவ்விவாதத்தில் கோர்யாக்கியரின் சொந்த விளக்கம் ஓரமாகவே நின்றுவிட்டது. யோகெல்சன் பதிவுசெய்து வெளியிட்ட கதையில், மூதாதையான பெருங்காக்கை ஒரு திமிங்கிலத்தைக் கடலுக்குத் திருப்பியனுப்ப முயல்கிறது. அதன் வழிப்பயண உணவுப் பையைத் தூக்க வலுவில்லை. கடவுள் நிலத்தில் உமிழ்கிறார். எச்சிலிலிருந்து வாபாக் முளைக்கிறது. அதைத் தின்ற பெருங்காக்கை ஆடிப்பாடிப் பையைத் தூக்குகிறது. திமிங்கிலம் வீடு சேர்கிறது. தன் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அக்காளான் மண்ணிலேயே இருக்கட்டும் என்கிறது பெருங்காக்கை.