தில்லிப் பேருந்தும் டீசல் புகையும்

காரங்காட்டின் அலையாத்திக் காட்டினூடே வரும் கடற்காற்றைச் சுவாசிக்கும் நமக்குத் தில்லியின் புகைக்கதை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அரசே தன் வண்டிப் புகையை அடக்கத் தயங்கிய வரலாறு அது. ஆதலின் எவ்வூரார்க்கும் பாடமாகும் என்பது என் கருத்து.

1985-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1998 ஜூலை 28-ஆம் நாள் மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: நகரப் பேருந்துகள் யாவும் 2001 மார்ச் 31-க்குள் டீசலை விடுத்து, அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும். டீசல் புகையில் நுரையீரலுக்குள் இறங்கும் நுண்கரி மிகுதி. எரிவாயுவில் அது மிகக் குறைவு.

ஆயினும் கெடு வந்தபோது மாறிய வண்டிகளும் போதவில்லை. எரிவாயு நிலையங்களும் போதவில்லை. நிலைய வாயில்களில் நீண்ட வரிசை நின்றது. பேருந்தின்றி மக்கள் அல்லலுற்றனர். 2002 ஏப்ரலில் மன்றம் டீசல் பேருந்து ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் விதித்தது. அதன்பின்னரே வேகம் பிறந்தது; அவ்வாண்டு டிசம்பரில் தில்லி நகரப் பேருந்துகளிலிருந்து டீசல் விடைபெற்றது.

பின்னாளில் பெருகிய தனியார் வண்டிகள் அந்நலத்தைப் பெரிதும் விழுங்கின என்பதும் உண்மையே. எனினும் குடிகளுக்கு விதி வகுக்கும் அரசு, தன் வண்டியில் அதனை முதலில் நிறைவேற்றிக் காட்டவேண்டும்; அதற்கான ஏற்பாட்டையும் கெடுவுக்கு முன்னரே செய்யவேண்டும். இன்றேல், தாமதத்தின் துன்பம் நிறுத்தத்தில் காத்துநிற்கும் ஏழையையே சாரும்.